பாதி எழுத்தில் நின்ற பொட்டாசியம்

விருதுநகர் மாவட்டத்தில் 10 வட்டங்கள் இருக்கின்றன. அருப்புக்கோட்டை, காரியாபட்டி, சாத்தூர், சிவகாசி, திருச்சுழி, ராஜபாளையம், வத்திராயிருப்பு, விருதுநகர், வெம்பக்கோட்டை, ஸ்ரீவில்லிபுத்தூர். இந்தப் பட்டியலில் ஒரு வேடிக்கை ஒளிந்திருக்கிறது. கண்டுபிடித்தீர்களா?

பத்துப் பெயர்களும் பத்து வெவ்வேறு எழுத்துகளில் தொடங்குகின்றன! 'சி' என்றால் சிவகாசி, 'சா' என்றால் சாத்தூர். 'வ', 'வி', 'வெ' மூன்றும் மூன்று ஊர்கள். முதல் எழுத்தைச் சொன்னாலே போதும், ஊர் எது என்று தெரிந்துவிடும்.

இதே பட்டியலை ஒரு கணிப்பொறியிடம் கொடுத்து, "இவற்றின் தொடக்கங்கள் எத்தனை வகை?" என்று கேட்டால் அது '7' என்று சொல்லக்கூடும். வேறு விதமாக எழுதப்பட்ட இன்னொரு புரோகிராமிடம் கேட்டால், "பத்தும் ஒரே மாதிரிதானே தொடங்குகின்றன!" என்று சாதிக்கும். நாம் சொன்ன விடையும் இந்த இரண்டு விடைகளும் அவையவை பார்க்கும் விதத்தில் சரியானவையே. இந்த மூன்று விடைகளுக்கும் இடையே உள்ள வேறுபாடு ஒரு விசையை எப்படிக் கெடுக்கிறது, அதை எப்படிச் சரி செய்வது என்று பார்ப்போம். அந்த விசை, விசைப்பலகையின் இடது ஓரத்தில் இருக்கும் 'டேப்' விசை.

தட்டச்சுப் பொறியில் இந்த விசைக்கு வேலையே வேறு. பற்று வரவுக் கணக்கு, விலைப் பட்டியல் போன்றவற்றை அடிக்கும்போது அடுத்த கட்டத்துக்கு ஒரே தாவலில் போக உதவியது அது. அட்டவணை என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லிலிருந்தே அதன் பெயரும் வந்தது. கணிப்பொறியில் ஆணைகளைத் தட்டி வேலை வாங்கும் முறை வந்தபோது இந்த விசைக்கு இரண்டாவது உத்தியோகம் கிடைத்தது. பெயரின் தொடக்கத்தை மட்டும் தட்டிவிட்டு டேப் விசையை அழுத்தினால், மீதியைக் கணிப்பொறியே நிரப்பித் தரும்.

இந்த யோசனை 1970களின் தொடக்கத்திலேயே 'டெனெக்ஸ்' என்ற இயக்க அமைப்பில் இருந்தது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் பி.பி.என். நிறுவனத்தார் உருவாக்கியது அது. அங்கே டேப் விசைக்குப் பதில் 'எஸ்கேப்' விசை. பின்னர் யுனிக்ஸ் உலகத்தில் இந்த வசதி பரவி, டேப் விசையில் வந்து குடியேறியது.

சரி, இதில் பிழைதேடிக்கு என்ன வேலை? நாம் எழுதிய புரோகிராம் தவறான விடை தரும்போது, அதை ஒவ்வொரு படியாக ஓடவிட்டு, நடுவே நிறுத்தி, எந்தப் பெட்டியில் என்ன எண் இருக்கிறது என்று எட்டிப் பார்க்க ஒரு கருவி வேண்டும். அதற்குத்தான் ஆங்கிலத்தில் 'டீபக்கர்' என்று பெயர். பிழையை நீக்கும் கருவி என்பது அதன் பொருள். சற்றே மிகையான பெயர்! அது பிழையை நீக்குவதில்லை, நாம் தேடும்போது விளக்குப் பிடிக்கிறது, அவ்வளவுதான். ரிச்சர்டு ஸ்டால்மன் 1986ல் எழுதத் தொடங்கிய 'ஜி.டி.பி.' இவற்றுள் பெயர் பெற்றது. இன்றும் பல்லாயிரம் பேர் பயன்படுத்துகிறார்கள். இலவசமாகவே கிடைக்கும். இதில் ஆணைகளைத் தட்டித்தான் வேலை வாங்க வேண்டும். ஆகவே டேப் விசைதான் இங்கே கைத்தடி.

இனி ஓர் உதாரணம். நீங்கள் சிவகாசிப் பக்கத்துப் பள்ளி ஒன்றில் படிக்கிறீர்கள், பட்டாசு ஆலை ஒன்றின் ரசாயனச் சரக்கு இருப்பைக் கணக்கிட ஒரு புரோகிராம் எழுதிப் பழகுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு ரசாயனத்துக்கும் ஒரு செயற்கூறு. அவற்றுக்குத் தமிழிலேயே பெயர் வைக்கிறீர்கள். வைக்கலாமா என்று சந்தேகப்பட வேண்டாம். 2020ல் வெளிவந்த 10ஆம் பதிப்பிலிருந்து 'ஜி.சி.சி.' கம்பைலர், சி மொழிப் புரோகிராமில் தமிழ் எழுத்துகளை நேரடியாகவே பெயராக ஏற்கிறது.

உங்கள் பட்டியலில் இந்த மூன்றும் உண்டு: பொட்டாசியம்_குளோரேட், பொட்டாசியம்_நைட்ரேட், பொட்டாசியம்_பெர்குளோரேட்.

நைட்ரேட் இருப்பு 'கழித்தல் 40 கிலோ' என்று காட்டுகிறது. கழித்தல் 40 கிலோ சரக்கை எந்தக் கிட்டங்கியிலும் அடுக்க முடியாது! எனவே பிழைதேடியைத் திறக்கிறீர்கள். நைட்ரேட் செயற்கூறு ஓடத் தொடங்கும்போது புரோகிராமை நிறுத்த வேண்டும். 'பிரேக்' என்ற ஆணையைத் தட்டி, இடம் விட்டு, 'பொ' என்று தட்டி, டேப் விசையை அழுத்துகிறீர்கள்.

என்ன நடக்க வேண்டும்?

முதலில், நீங்கள் தட்டிய வரியில் நிரப்ப வேண்டிய சொல் எங்கே தொடங்குகிறது என்று கருவி பார்க்க வேண்டும். பிறகு 'பொ' என்று தொடங்கும் பெயர்களையெல்லாம் திரட்ட வேண்டும். ஒரே பெயர் கிடைத்தால் முழுதும் நிரப்பிவிடலாம். ஒன்றும் கிடைக்காவிட்டால் 'டிங்' என்று மணியடிக்கலாம். பல பெயர்கள் கிடைத்தால்? அத்தனைக்கும் பொதுவான முன்பகுதி எதுவரை போகிறதோ அதுவரை மட்டும் நிரப்பி, அங்கே நிற்க வேண்டும். நமது மூன்று பெயர்களுக்கும் பொதுவானது 'பொட்டாசியம்_' வரைதான். மறுபடி டேப் விசையை அழுத்தினால் மூன்று பெயர்களையும் பட்டியலாகக் காட்டும். 'ந' என்று நீங்கள் தட்ட வேண்டும். மறுபடி டேப். வேலை முடிந்தது.

அங்கே நிற்பதில்தான் இந்த ஏற்பாட்டின் நாணயமே இருக்கிறது. தெரிந்த வரையில் சொல்லும், தெரியாத இடத்தில் வாயை மூடிக்கொள்ளும். அவசரக்காரர்கள் சிலருக்கு இது பிடிப்பதில்லை. டேப் விசை பட்டியலின் முதல் பெயரையே நிரப்பிவிடும்படியும், மறுபடி அழுத்தினால் அடுத்ததற்குப் போகும்படியும் அமைத்துக்கொள்கிறார்கள். ஜி.டி.பி. பயன்படுத்தும் 'ரீட்லைன்' என்ற நிரல் தொகுப்பிலேயே இதற்கு வசதி உண்டு. கோப்புகளின் பெயர்களுக்கு அது சௌகரியமாக இருக்கலாம். நமது பட்டியலில் அகர வரிசைப்படி முதலில் வருவது எது? குளோரேட்! நீங்கள் கவனிக்காமல் 'என்டர்' விசையைத் தட்டிவிட்டால், நைட்ரேட் கணக்கைத் தேடப் போனவர் குளோரேட் கணக்கைச் சோதித்துவிட்டு, "பிழை ஒன்றும் இல்லையே" என்று திரும்பி வருவீர்கள்.

பொட்டாசியம் நைட்ரேட் வெடியுப்பு. கந்தகமும் கரியும் சேர்ந்தால் கருமருந்து. நூற்றாண்டுகளாகப் பழகிய சரக்கு. பொட்டாசியம் குளோரேட்டின் குணமே வேறு. கந்தகத்தோடு அது கலந்தால் சிறிய உராய்வோ அடியோ போதும், பற்றிக்கொள்ளும். அதனால்தான் குளோரேட்டும் கந்தகமும் கலந்த வெடிபொருளை மத்திய அரசு 1992ல் தடை செய்தது. தீக்குச்சியின் தலைமருந்து போன்ற சில இனங்களுக்கு மட்டுமே விலக்கு. பெயரில் பாதி ஒன்றுதான், பொருளோ ஒன்றின் இடத்தில் மற்றது வரக்கூடாதது. ஆகவே, இரண்டு பெயர்களுக்கு நடுவே ஐயம் வந்தால் கருவி நின்று கேட்பதுதான் முறை.

ஆனால் சரியான இடத்தில் நிற்கிறதா என்பது அடுத்த கேள்வி. இங்கேதான் தமிழ் எழுத்துகள் தகராறு செய்கின்றன.

மூன்று அளவுகோல்கள்

கணிப்பொறிக்கு எழுத்து தெரியாது, எண்தான் தெரியும். 'யூனிகோடு' என்ற உலகப் பொது ஏற்பாட்டில் ஒவ்வொரு குறிக்கும் ஓர் எண் உண்டு. 'க' என்பதற்கு ஓர் எண், 'ப' என்பதற்கு ஓர் எண், கொம்பு, கால், புள்ளி ஆகியவற்றுக்கும் தனித்தனி எண்கள். 'சி' என்று நாம் காண்பது ஓர் எழுத்து. கணிப்பொறிக்கு அது 'ச' என்ற குறியும், அதைத் தொடரும் இகரக் குறியும் ஆக இரண்டு. சாத்தூரும் சிவகாசியும் அதற்கு ஒரே 'ச'வில் தொடங்குகின்றன. 'வ', 'வி', 'வெ' மூன்றும் ஒரே 'வ'. அதனால்தான் நமது 10 வட்டங்கள் அதன் கண்ணுக்கு 7 ஆகிவிட்டன.

இந்த எண்களைச் சேமிக்கும்போது இன்னும் ஒரு பிரிவினை நடக்கிறது. பெரும்பாலும் கையாளப்படும் 'யு.டி.எஃப்.-8' முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் 3 பைட்களாக உடைகிறது. 'க' என்றால் 224, 174, 149. 'ந' என்றால் 224, 174, 168. 'ப' என்றால் 224, 174, 170. முதல் இரண்டு எண்களைப் பாருங்கள், மூன்றிலும் ஒன்றே! நமது 10 வட்டங்களும் 224, 174 என்றுதான் தொடங்குகின்றன. "பத்தும் ஒன்றுதானே" என்று இரண்டாவது புரோகிராம் சாதித்தது பொய்யில்லை.

இப்போது நமது பொட்டாசியத்துக்கு வருவோம். ஆங்கில எழுத்து ஒவ்வொன்றும் ஒரே பைட். ஆகவே ஆங்கிலத்தை மட்டும் நினைத்து நிரல் எழுதுகிறவர், பொது முன்பகுதியைக் கண்டுபிடிக்கப் பைட் பைட்டாக ஒப்பிடுவார். அந்த நிரல் 'பொட்டாசியம்_' வரை ஒப்பிட்டு வருகிறது. அடுத்து 'கு', 'நை', 'பெ'. வேறு வேறு எழுத்துகள் என்று நாம் நிற்போம். அது நிற்காது. 224? மூன்றிலும் உண்டு. 174? மூன்றிலும் உண்டு. 149, 168, 170 என்று வரும்போதுதான் நிற்கும். விளைவு: 'பொட்டாசியம்_' என்பதோடு ஓர் எழுத்தின் மூன்றில் இரண்டு பங்கையும் சேர்த்து நிரப்பிவிடுகிறது! திரையில் அது ஒரு கேள்விக்குறியாகவோ கறுப்புக் கட்டமாகவோ தெரியும்.

அதோடு போனால் பரவாயில்லை. நீங்கள் அடுத்து 'ந' தட்டுகிறீர்கள். இப்போது வரியில் இருப்பது 224, 174, அதன் பின் 224, 174, 168. இப்படி ஒரு பெயர் எங்கும் இல்லை. டேப் விசையை எத்தனை முறை அழுத்தினாலும் மணிதான் அடிக்கும். நைட்ரேட் அங்கேயே இருக்கிறது, கருவியோ "அப்படி ஒன்றும் இல்லை" என்கிறது.

சரி செய்வது எப்படி?

இதற்கு வைத்தியம் எளிது. யு.டி.எஃப்.-8 முறையை 1992ல் கென் தாம்சனும் ராப் பைக்கும் வடிவமைத்தபோதே அதற்கு வழி வைத்துவிட்டார்கள். ஒரு குறியின் முதல் பைட் ஒருபோதும் 128க்கும் 191க்கும் இடைப்பட்டதாக இராது. தொடரும் பைட்கள் எப்போதும் அந்த இடைவெளிக்குள்தான் இருக்கும். ஆகவே ஒப்பீடு நின்ற இடத்தில், அடுத்த பைட் என்ன என்று பார்க்க வேண்டும். அது 128 முதல் 191 வரை இருந்தால், நாம் ஓர் எழுத்தின் நடுவில் நிற்கிறோம். ஓர் அடி பின்வாங்கி மறுபடி பார்க்க வேண்டும்.

செய்து பாருங்கள். நின்ற இடத்துக்கு அடுத்தது 168. எல்லைக்குள் இருக்கிறது, பின்வாங்கு. இப்போது அடுத்தது 174. இதுவும் எல்லைக்குள், பின்வாங்கு. இப்போது அடுத்தது 224. எல்லைக்கு வெளியே. நில்! 'பொட்டாசியம்_' என்ற இடத்துக்கு வந்துவிட்டோம். இரண்டே வரி நிரல். ரீட்லைன் தொகுப்பு இதையே வேறு வழியில் செய்கிறது. பைட்டாகப் பாராமல், முழுக் குறியாக எடுத்து எடுத்து ஒப்பிடுகிறது.

குறி அளவில் சரியானால் போதுமா? எனக்குப் போதாது என்றுதான் தோன்றுகிறது. சோடியம்_நைட்ரேட், சோடியம்_நைட்ரைட் என்று இரண்டு பெயர்கள் இருக்கட்டும். இரண்டும் உண்மையான ரசாயனங்களே. குறி அளவில் ஒப்பிட்டால் பொது முன்பகுதி 'சோடியம்_நைட்ர' என்று நிற்கும். ஒன்றில் 'ரே', மற்றதில் 'ரை'. இரண்டிலும் இல்லாத ஒரு 'ர' திரையில் நிற்கிறது. இனி நீங்கள் 'ரே' என்று தட்டினால் 'நைட்ரரே' ஆகிவிடும். குறியை மட்டும் தனியே தட்டச் சில விசைப்பலகைகளில் முடியும், சிலவற்றில் முடியாது. ஆகவே அடுத்து வருவது கொம்பு, கால், புள்ளி போன்ற சார்புக் குறியாக இருந்தால் இன்னும் ஓர் எழுத்து பின்வாங்கி 'சோடியம்_நைட்' என்ற இடத்தில் நிற்பதுதான் நல்லது. தட்டச்சில் ஓர் எழுத்து மிச்சப்படுமே என்று வாதிடுகிறவர்களும் உண்டு. என் ஓட்டு முழு எழுத்துக்குத்தான்.

தமிழக அரசு 2010ல் யூனிகோடுடன் சேர்த்து ஏற்றுக்கொண்ட 'டேஸ்-16' என்ற குறியீட்டில் இந்தச் சிக்கலே எழாது. அதில் 'ரே' ஓர் எண், 'ரை' வேறோர் எண். ஆனால் உலகம் முழுவதும் யூனிகோடில்தான் ஓடுகிறது. (1999ல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டை ஒட்டி இரண்டு குறியீடுகள் தரமாக அறிவிக்கப்பட்டன. அவற்றுள் ஒன்றின் பெயர் 'டேப்'! நமது விசைக்கும் அதற்கும் உறவு ஏதுமில்லை.)

சொல் எங்கே தொடங்குகிறது என்று பார்க்கும் முதல் படியிலும் ஒரு குழி உண்டு. பழைய நிரல்கள் சிலவற்றில், 127 வரை உள்ள எண்களுக்கு மட்டுமே 'இது எழுத்து, இது எழுத்தல்ல' என்ற அட்டவணை இருக்கும். தமிழின் பைட்கள் அத்தனையும் 127க்கு மேல். 'எழுத்தல்ல' என்று அட்டவணை சொல்லிவிட்டால், ஒவ்வொரு பைட்டிலும் சொல் முறிந்துவிடும். டேப் விசை செத்த விசைதான். 127க்கு மேற்பட்டவற்றை எழுத்தாகவே கொள் என்று ஒரு விதி சேர்த்தால் உயிர் வரும்.

இரட்டைப் பிறவிகள்

எல்லாவற்றையும் சரி செய்துவிட்டீர்கள். ஆனாலும் 'பொ' தட்டி டேப் அழுத்தினால் குளோரேட் மட்டும் வருகிறது, நைட்ரேட் வரவில்லை. ஏன்?

'பொ' என்ற எழுத்தை யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம். 'ப' என்ற குறியோடு ஒகரத்துக்கு உரிய ஒரே குறி சேர்க்கலாம். அல்லது 'ப' என்ற குறியோடு ஒற்றைக் கொம்பும், அதன் பின் காலும் தனித்தனியே சேர்க்கலாம். திரையில் இரண்டும் அச்சு அசலாக ஒன்றே. உள்ளே முதலாவது 6 பைட், இரண்டாவது 9 பைட். நீங்கள் ஒரு விசைப்பலகையிலும் உங்கள் நண்பர் வேறொன்றிலும் தட்டி, இரண்டையும் ஒரே புரோகிராமில் சேர்த்திருந்தால், நைட்ரேட்டின் 'பொ' வேறு, குளோரேட்டின் 'பொ' வேறு ஆகிவிடக்கூடும். பொருந்துவது ஒன்றுதான் என்று நினைத்த கருவி, தயங்காமல் குளோரேட்டை முழுதும் நிரப்பிவிடும்! நின்று கேட்க வேண்டிய கருவி, ஐயம் இருப்பதே தெரியாமல் விடை சொல்கிறது. பாதி எழுத்துக் குப்பையாவது கண்ணில் படும். இது படாது.

இரண்டும் சமம் என்று யூனிகோடு விதியே சொல்கிறது. எதை எதாக மாற்றிக்கொண்டு ஒப்பிட வேண்டும் என்ற முறையையும் வகுத்துத் தந்திருக்கிறது. இதை இயல்பாக்கம் என்பார்கள். ஒப்பிடும்போது இரண்டையும் ஒரே வடிவமாக்கி ஒப்பிட வேண்டும். நிரப்பும்போது மட்டும் புரோகிராமில் உள்ள மூல வடிவத்தையே நிரப்ப வேண்டும். இல்லாவிட்டால் பெயர் கிடைத்தும் செயற்கூறு கிடைக்காது. ஜி.சி.சி. கம்பைலர், சேர்த்து எழுதிய வடிவத்தில் இல்லாத பெயரைக் கண்டால் ஓர் எச்சரிக்கை தரும். பலர் எச்சரிக்கைகளைப் படிப்பதில்லை. படியுங்கள்.

இவற்றைச் சோதிக்க டேப் விசையையே தட்டிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. ஜி.டி.பி.யில் 'கம்ப்ளீட்' என்று ஓர் ஆணை உண்டு. அதன் பின் நீங்கள் தட்ட நினைக்கும் வரியின் தொடக்கத்தைத் தந்தால், அதை நிரப்பக்கூடிய பெயர்கள் அத்தனையையும் வரிசையாக அச்சிட்டுவிடும். திருத்தத்துக்கு முன் ஒரு முறை, பின் ஒரு முறை அச்சிட்டு ஒப்பிடலாம். பட்டியல் மிக நீண்டால் 200 பெயர்களோடு நிறுத்திக்கொள்ளும். அந்த எண்ணையும் நாம் மாற்றலாம். பொது முன்பகுதி எங்கே நிற்கிறது என்பதை மட்டும் டேப் விசையைத் தட்டித்தான் பார்க்க வேண்டும். உங்கள் பள்ளிக் கணிப்பொறியில் உள்ள பதிப்பு பாதி எழுத்தில் நிற்கிறதா, முழு எழுத்தில் நிற்கிறதா என்று மேலே சொன்ன மூன்று பொட்டாசியங்களையும் வைத்து நீங்களே பார்த்துவிடலாம்.

கடைசியாக, முதலில் தந்த பட்டியலுக்கே திரும்புவோம். ஸ்ரீவில்லிபுத்தூரின் 'ஸ்ரீ' என்ற எழுத்துக்கும் இரட்டைப் பிறவி உண்டு. 'ஸ' என்ற குறியில் தொடங்குவது ஒன்று. 2005ல் யூனிகோடில் சேர்க்கப்பட்ட 'ஶ' என்ற குறியில் தொடங்குவது மற்றொன்று. பல எழுத்துருக்களில் இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும். ஆனால் 'பொ'வுக்குச் சொன்ன இயல்பாக்கம் இங்கே பலிக்காது. இவை இரண்டும் சமம் என்று யூனிகோடு விதி சொல்லவில்லை. நமது ஊர்க்காரர் யாராவது தம் புரோகிராமில் தனியாக ஒரு விதி எழுதினால்தான் உண்டு. உங்கள் விசைப்பலகை எந்த 'ஸ்ரீ'யைத் தருகிறது? அதன் பைட்களை அச்சிட்டுப் பாருங்கள். மூன்றாவது எண் 184 என்றால் பழையது, 182 என்றால் புதியது.